இலவங்கத் துளியும் கொல்லா நெறியும்



பல்வலிக்கு இலவங்கத் தைலம், தலைப்பாரத்துக்கு நீலகிரித் தைலம், வயிற்றுப் பொருமலுக்கு ஓமம் ஆகியவை நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவருபவை. மருந்துக் கடையில் வாங்கிய கிருமிநாசினியைக் கையில் எடுக்கும்போது கூசுகின்ற மனம், இத்தைலங்களை எடுக்கும்போது கூசுவதில்லை. 'இது மூலிகை, இதில் இம்சை இல்லை' என்னும் எண்ணமே அதற்குக் காரணம்.

இவ்வெண்ணம் சரியானதுதானா என்று நுண்ணுயிரியல் பயிலும் பெண்ணொருத்தி என்னிடம் கேட்டாள். நீரிழிவு நோயுற்ற அவளுடைய பாட்டிக்குக் காலில் புண். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை உண்ண அம்மூதாட்டி மறுக்கிறார். 'அது கிருமியைக் கொல்லும் மருந்து. நான் விரதம் ஏற்றவள். தைலம் மட்டும் தடவுங்கள்' என்கிறார். பேத்தியோ, 'ஐயா, அந்தத் தைலமும் கொல்லத்தான் செய்கிறது. ஆய்வுக்கூடத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன். இதைச் சொன்னால் பாட்டி தைலத்தையும் விட்டுவிடுவார்களே என்று அஞ்சிச் சொல்லாமல் இருக்கிறேன். அது பொய்யாகுமா?' என்றாள்.

கொல்லாமை, வாய்மை ஆகிய இரண்டு விரதங்களையும் ஒருங்கே தொடும் வினா இது. விடை கூறுமுன், தைலம் செய்யும் செயலை உள்ளவாறு அறிதல் வேண்டும். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்ற வரிசையில் ஒழுக்கத்துக்கு முன் ஞானம் நிற்பது காரணமின்றி அன்று.

தைலத்தின் இயல்பு

துளசி இலையைக் கசக்கினால் எழும் மணம், அவ்விலையின் நுண்ணிய சுரப்பிகளில் அடங்கியுள்ள எண்ணெயின் மணமாகும். நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் போன்று இது செக்கிலிட்டு ஆட்டிப் பெறுவதன்று. இலை, பூ, பட்டை முதலியவற்றினூடே நீராவியைச் செலுத்தி, எழும் ஆவியைக் குளிரச் செய்தால், நீரினின்றும் தனியே பிரிந்து நிற்கும் எளிதில் ஆவியாகும் எண்ணெய் இது. செடியோ இடம் பெயர இயலாதது. பூச்சியும் பூஞ்சையும் தாக்கவரும்போது ஓடி ஒளிய அதற்கு வழியில்லை. தன்னைக் காத்துக்கொள்ள அது சுரக்கும் பொருள்களுள் இவ்வெண்ணெயும் ஒன்று என்பர் அறிவியலார்.

இலவங்கத் தைலத்தில் யூஜினால், ஓமத் தைலத்தில் தைமால், எலுமிச்சைப்புல் தைலத்தில் சிட்ரால், நீலகிரித் தைலத்தில் சினியோல் ஆகிய பொருள்கள் சிறந்து நிற்கின்றன. தைமாலைத் தனியே பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலார் காஸ்பர் நியூமன், ஆண்டு 1719. ஆஸ்திரேலியாவில் 'தேயிலை மரம்' எனப் பெயர் பெற்ற மெலலூக்கா மரத்தின் தைலத்தை 1920களில் சிட்னி நகரில் ஆராய்ந்த ஆர்தர் பென்ஃபோல்ட், கிருமிகளை ஒடுக்குவதில் அது கார்பாலிக் அமிலத்தினும் வலியது என்று கண்டார். நாம் பருகும் தேயிலைச் செடிக்கும் அம்மரத்துக்கும் உறவில்லை.

இவ்வாற்றலை ஆய்வுக்கூடத்தில் அளக்கும் முறை எளியது. தட்டு ஒன்றில் கிருமிகளைப் படரவிட்டு, நடுவே தைலம் தோய்த்த சிறு காகித வில்லையை வைப்பார்கள். மறுநாள் தட்டு முழுவதும் கிருமி படர்ந்திருக்க, வில்லையைச் சுற்றிமட்டும் வெறுமையான வட்டம் தோன்றும். அப்பெண் கண்ணாற் கண்டது இவ்வட்டத்தையே. எண்ணெய்த் தன்மையுடைய இப்பொருள்கள் கிருமியின் மெல்லிய சவ்வினுள் புகுந்து அதைக் குலைக்கின்றன. உள்ளிருக்கும் உப்புச்சத்து கசிந்து வெளியேறுகின்றது. உயிர்த்தொழில் நின்றுபோகின்றது. வெளிப்புறத்தே மற்றுமொரு சவ்வை உடைய கிருமிகள் ஓரளவு தாங்கி நிற்கின்றன. புண்களில் அடிக்கடி காணப்படும் சூடோமோனாஸ் என்னும் கிருமி இவ்வகையினது. பல தைலங்களுக்கு அது எளிதில் மடிவதில்லை.

ஆகவே பேத்தி கூறியது உண்மை. பாட்டி விரும்பும் தைலமும் கொல்லும். மறுக்கும் மருந்தும் கொல்லும். ஒன்று செடியிலிருந்து வந்தது என்பதால் மடியும் உயிருக்கு வேறுபாடு ஏதுமில்லை.

நூல்கள் கூறும் இம்சை

கிருமிகளை ஓரறிவுயிர்களுள் சேர்ப்பதா, ஈரறிவுயிர்களுள் சேர்ப்பதா என்பதில் இக்கால ஜைன அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. நிகோத ஜீவன்களைப் பற்றி ஆகமங்கள் கூறுவனவற்றை நுண்ணோக்கியில் தெரியும் கிருமிகளோடு அப்படியே ஒன்றாக்கிவிடுவதும் பொருந்தாது. எவ்வாறாயினும் அவை உயிர்களே என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

அவ்வாறாயின் மருந்திடுவோர் அனைவரும் கொலைப் பாவத்துக்கு உரியவரா? இங்கே இம்சைக்கு நம் ஆசாரியர்கள் வகுத்த இலக்கணத்தை நினைவுகூர வேண்டும். தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமிகள் உயிர் பிரிதலை மட்டும் இம்சை என்று கூறவில்லை. அதற்குக் காரணமாகிய பிரமாதத்தை, அதாவது கவனமின்மையையும் கசாய வயப்படுதலையும் முதலில் வைத்தார். பொன்னூர் மலையோடு மரபில் இணைத்துப் போற்றப்படும் குந்தகுந்த ஆசாரியர், பிரவசன சாரத்தில் இதனையே மேலும் தெளிவாக்கினார். கவனமின்றி நடப்பவனுக்கு எதிரே உயிர் மடிந்தாலும் மடியாவிட்டாலும் இம்சை உண்டு. விழிப்போடு நடப்பவனுக்கு உயிர் மடிந்த அளவிலேயே பந்தம் உண்டாகாது என்பது அவர் கருத்து.

இதனை விளக்க நம்மிடையே வழங்கும் இரண்டு கதைகள் போதும். யசோதர காவியத்தில் அரசன் பலியிட்டது மாவினாற் செய்த கோழி. ஓர் உயிரும் அங்கே மடியவில்லை. ஆயினும் கொல்லும் எண்ணம் முழுமையாக இருந்தமையால் அவனும் அவன் தாய் சந்திரமதியும் விலங்குப் பிறவிகளில் உழன்றனர். சமந்தபத்திர ஆசாரியர் தானத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறிய பன்றியின் கதை இதற்கு நேர் எதிரானது. முனிவரைக் காக்கும் பொருட்டு அப்பன்றி புலியோடு பொருதது; இரண்டும் மடிந்தன. காக்கும் எண்ணத்தோடு மடிந்த பன்றி தேவகதி அடைந்தது. கொல்லும் எண்ணத்தோடு வந்த புலி நரகம் புக்கது. செயல் ஒன்றே; உள்ளம் வேறு.

இல்லறத்தார்க்கு இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நான்காகப் பகுத்துள்ளனர். கொல்லவேண்டும் என்றே கொல்லும் முதல் வகையை முற்றிலும் விலக்கவேண்டும். சமைத்தல், துலக்கல் முதலிய இல்வாழ்க்கைச் செயல்களாலும், தொழிலாலும், தற்காப்பாலும் நேரும் ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைக்கவேண்டும். புண்ணைக் கழுவுவதும் மருந்திடுவதும் இப்பின்னைய வகைகளைச் சார்ந்தவை. மருத்துவரின் உள்ளத்தில் இருப்பது கிருமியின்மேற் பகை அன்று. நோயுற்றவரைக் காக்கும் கருணை. அதனால்தான் ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்துக்கு இடம் தந்தனர். மருந்தளிப்பது கொலையாயின் அது தானமாக எண்ணப்பட்டிராது.

ஆயினும் 'எண்ணம் நல்லது. ஆகவே எதுவும் செய்யலாம்' என்று இதற்குப் பொருள் கொள்வது பெரும் பிழை. நல்லெண்ணம் உடையவன் விழிப்போடும் இருத்தல் வேண்டும். தேவை எது, அளவு எது, குறைந்த இம்சைக்கு வழி எது என்று ஆராயாதவன் பிரமாதத்திலேயே நிற்கிறான்.

முன்னோர் இட்ட இலவங்கம்

அளவும் காலமும் கருதி வாழ்வது நமக்குப் புதிதன்று. திகம்பர மரபில் நீரைப் பற்றிய நியமத்தை எண்ணிப் பாருங்கள். வடிகட்டிய நீருக்கு எல்லை ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். இலவங்கம், ஏலம் முதலியவற்றைப் பொடித்து இட்டுச் சுவையும் மணமும் மாறச்செய்து பிராசுகமாக்கிய நீருக்கு இரண்டு ஜாமம், அதாவது 6 மணி நேரம். நன்கு கொதிக்கவைத்த நீருக்கு எட்டு ஜாமம், அதாவது 24 மணி நேரம்.

கொதிக்கவைத்தால் நீரிலுள்ள உயிர்கள் மடியுமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒருமுறை நேரும் இம்சையை ஏற்று, மேன்மேலும் உயிர்கள் தோன்றித் தோன்றி மடிவதைத் தடுப்பதே அங்கு நோக்கம். இம்சை அறவே இல்லாத வழி இல்லறத்தில் கிட்டாதபோது, குறைந்த இம்சையைத் தேர்ந்து அதற்கு ஓர் எல்லையும் வகுத்தனர் நம் முன்னோர்.

'பாருங்கள், இலவங்கத்தின் கிருமி கொல்லும் ஆற்றலை அன்றே அறிந்திருந்தனர்' என்று பெருமை கொள்ளச் சிலருக்குத் தோன்றும். அதில் நிதானம் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வட்டத்தைத் தோற்றுவிப்பது செறிந்த தைலம். குடத்து நீரில் இட்ட சிறிது இலவங்கப் பொடி அதற்கு ஈடாகாது. அழுக்குற்ற நீரை இலவங்கம் இட்டுப் பருகினால் நோய் வராது என்று நம்புவது தவறு. முன்னோரின் பெருமை ஆய்வுக்கூட அறிவில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத உயிரையும் கணக்கில் வைத்து வாழ்ந்த விழிப்பில் உள்ளது. இல்லாத பெருமையை ஏற்றிக் கூறுவது வாய்மைக்கு இழுக்கு.

மருத்துவத்திலும் நம் மரபு இவ்விழிப்பையே காட்டியது. ஒன்பதாம் நூற்றாண்டில் உக்கிராதித்திய ஆசாரியர் இயற்றிய கல்யாண காரகம், ஊன், கள், தேன் ஆகிய மூன்றையும் விலக்கி மருத்துவம் கூறிய நூல். தமிழில் கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ஏலம் முதலான ஆறு பொருள்கள் சேர்ந்த மருந்தின் பெயரால் 'ஏலாதி' என்று பெயரிட்டார். காரியாசான் ஐந்து வேர்களின் பெயரால் 'சிறுபஞ்சமூலம்' என்றார். உடல் நோய்க்கு மருந்து கூடாது என்பது அவர்கள் கருத்தாயின், உயிர் நோய் தீர்க்கும் அறத்துக்கு மருந்தை உவமையாக்கியிரார்.

மூலிகை என்னும் பெயர்

இனி, 'மூலிகையில் இம்சை இல்லை' என்னும் எண்ணத்தை மற்றொரு புறத்திலிருந்தும் காண்போம். செடியும் உயிரே. நாவல் மரத்தடியில் பசியோடு நின்ற அறுவர் கதையை நம் குழந்தைகளும் அறிவர். ஒருவன் மரத்தை வேரோடு சாய்க்க எண்ணினான். ஒருவன் பெருங்கிளையையும், ஒருவன் சிறுகிளையையும், ஒருவன் கொத்துகளையும், ஒருவன் பழங்களையும் பறிக்க எண்ணினான். கடைசியில் நின்றவன் தரையில் உதிர்ந்த பழம் போதும் என்றான். ஆறு லேசியைகளை விளக்கும் இக்கதை தைலங்களுக்கும் பொருந்தும்.

எலுமிச்சைப்புல்லை அறுத்தால் மீண்டும் தழைக்கும். நீலகிரி மரத்தின் இலையைக் கொய்தாலும் மரம் நிற்கும். வெட்டிவேர்த் தைலத்துக்குச் செடியை வேரோடு பறிக்கவேண்டும். சந்தனத் தைலத்துக்கு மரத்தையே வீழ்த்தவேண்டும். ஒரு கிலோ ரோஜாத் தைலத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோ மலர்கள் வேண்டும். வடிப்பதற்கு எரியும் விறகையும் கணக்கிட வேண்டும். நோய்க்கு வேண்டிய ஒரு துளியும், அறை மணக்கவேண்டும் என்று நாள்தோறும் புகைக்கும் தைலமும் ஒன்றாகா. முன்னது தேவை, பின்னது போகம்.

'மூலிகை ஆகவே தீங்கில்லை' என்று எண்ணுவது உடலுக்கும் கேடு. நீலகிரித் தைலத்தைச் சிறு குழந்தைகள் தவறி விழுங்கியதால் வலிப்பும் மயக்கமும் உண்டானது மருத்துவர்கள் அறிந்த செய்தி. கற்பூரமும் அத்தகையதே. கைக்குழந்தையின் மூக்கில் இவற்றைத் தடவுவது மூச்சுத்திணறலில் முடியக்கூடும். மெலலூக்காத் தைலம் உட்கொள்ளத் தக்கதன்று. கலப்பின்றிப் பூசினால் இலவங்கத் தைலமும் தோலைப் புண்ணாக்கும். நீரிழிவால் உணர்ச்சி குன்றிய காலில் எரிச்சலும் தெரியாது. புண்மேல் புண்ணாகும் வரை நோயாளி அறியமாட்டார். அறியாமையால் இழைக்கும் தீங்கும் பிரமாதத்தின் பாற்பட்டதே.

அளவு என்னும் அறம்

மறுபுறத்தில், மருந்துக் கடை மருந்தை எண்ணமின்றி விழுங்குவோரும் உள்ளனர். சளி பெரும்பாலும் வைரசால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் அதற்குப் பயன்படாது. ஆயினும் தாமே வாங்கி உண்பர். இரண்டு நாளில் நலம் தெரிந்ததும் தாமே நிறுத்துவர்.

நம் உடல் நம்முடையது மட்டுமன்று. 70 கிலோ எடையுள்ள மனிதன் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று 2016இல் வெளியான ஆய்வுக் கணக்கு கூறுகின்றது. இவற்றுட் பல செரிமானத்துக்குத் துணை நிற்பவை. வேண்டாத மருந்து இவற்றையும் அழிக்கின்றது. பயன் சிறிதுமின்றி நேரும் இம்சை அது. மேலும், மருந்துக்குத் தப்பிய கிருமிகள் பெருகி, மருந்தையே பயனற்றதாக்குகின்றன. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் உண்பதால் வரும் இக்கேட்டைக் குறித்து எச்சரித்தார். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் நேரடியாக மடிந்தனர் என்பது மதிப்பீடு. அளவு கடந்த மருந்து கிருமிக்கும் இம்சை, மனிதனுக்கும் இம்சை.

தேவைக்கு மேல் கொள்ளாமை நமக்கு ஒரு விரதம் என்பதை இங்கே நினைவிற் கொள்ளலாம். பொருளுக்கும் போகத்துக்கும் அளவு வகுத்தவர்கள் மருந்துக்கும் அளவு வகுக்க அஞ்சவேண்டியதில்லை.

அளவுக்கு முன் நிற்பது தூய்மை. கழுவாத புண்ணிலும் மூடாத குப்பையிலும் தேங்கிய நீரிலும் எண்ணற்ற உயிர்கள் தோன்றி மடிகின்றன. அவை தோன்றாவண்ணம் காப்பதே கொல்லாமையின் முதற்படி. தோன்றியபின் கொல்வதைக் காட்டிலும் தோன்றும் இடத்தைத் தூய்மையாக வைப்பது மேலானது. இரவு உண்ணாமையும், எல்லை கடந்த உணவை விலக்குவதும் நமக்குக் கற்பித்தது இதுவே.

பாட்டிக்கும் பேத்திக்கும்

அப்பெண்ணின் வினாவுக்கு மீள்வோம். பாட்டியிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பாதி உண்மையைச் சொல்லக்கூடாது. 'தைலமும் கொல்லும்' என்பது பாதி. 'கொல்லும் எண்ணமின்றி, காக்கும் பொருட்டு, அளவறிந்து, விழிப்போடு இடும் மருந்து உங்கள் விரதத்தைக் குலைக்காது' என்பது மறுபாதி. இரண்டையும் சேர்த்துக் கூறும்போதுதான் அது வாய்மையாகும்.

மேலே பூசும் தைலம் ஆழத்தில் பரவிய சீழைச் சென்றடையாது. நீரிழிவுப் புண்ணில் காலம் தாழ்த்தினால் கிருமி எலும்பை எட்டும். விரலையோ காலையோ இழக்கவும் நேரிடும். தீர்க்கக்கூடிய நோய்க்கு மருந்தை மறுப்பது தவமாகாது. மாற்று வழியே இல்லாத நிலையில் மட்டுமே சல்லேகனையைச் சமந்தபத்திர ஆசாரியர் அனுமதித்தார் என்பதையும் அவர்களுக்கு நினைவூட்டுதல் நலம். குப்பி மருந்தின் மேலுறை விலங்கின் எலும்பிலிருந்தோ தோலிலிருந்தோ பெறும் ஜெலட்டினாக இருக்கக்கூடும். அவ்வையம் இருந்தால், மாத்திரை வடிவிலோ தாவர உறையிலோ கிடைக்குமா என்று மருத்துவரைக் கேட்கலாம். விலக்கத்தக்க இம்சை அங்கே இருக்கிறது. மருந்தை முழுமையாக, சொன்ன நாள் வரை உண்ணவேண்டும். நாள்தோறும் புண்ணைக் கழுவிக் கட்டவேண்டும். மாலைச் சாமாயிகத்தில், தம்பொருட்டு மடிந்த உயிர்களை நினைந்து பொறுத்தருள வேண்டலாம்.

இவ்வேண்டுதலே நம்மை ஏனையோரிடமிருந்து வேறுபடுத்துவது. மருந்து எல்லோரும் உண்கின்றனர். மடிந்தது உயிர் என்று அறிந்து, தேவைக்கு மேல் ஒரு துளியும் கொள்ளாமல் உண்பவனே கொல்லா நெறியில் நிற்பவன். 'இது மூலிகை' என்று மனத்தை உறங்கச் செய்வதும் பிழை. 'இது கொலை' என்று நோயாளியைக் கைவிடுவதும் பிழை. உயிரை உயிரென அறிந்து, உள்ளம் விழித்திருக்க, கையில் அளவோடு எடுத்த இலவங்கத் துளியும் மருத்துவர் தந்த மாத்திரையும் அறத்துக்கு மாறானவை அல்ல.

எவ்வுயிர்க்கும் நலம் பெருகுக! ஜினதருமம் வளர்க!